ஆவுளியா மேயும் இடம்

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் ப்ளோரிடாவிலிருந்து வந்த ஒரு செய்திப் படத்தைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன். ஒரு மின் நிலையத்துக்குப் பக்கத்தில், உப்புத் தண்ணீர்க் கழியில், ஆட்கள் லெட்யூஸ் கீரையை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பர்கருக்குள் வைக்கிற அதே கீரை. தண்ணீருக்குள் சாம்பல் நிறத்தில் மொத்தை மொத்தையான முதுகுகள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இப்படிக் கொட்டியது 90 டன்னுக்கும் மேல். செய்தியை முழுசாகப் படித்தபோது சிரிப்பு போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், 2021இல் மட்டும், அந்த மாநிலத்தில் செத்துப்போன மனாட்டிகள், அதாவது அந்த ஊர்க் கடற்பசுக்கள், சுமார் 1,100. அட்லாண்டிக் கரைப்பக்கம் செத்தவற்றில் பல பட்டினியால் செத்தவை.

கடலில் இருக்கிற பிராணி பட்டினியால் சாகுமா என்றுதான் யாருக்கும் தோன்றும். மனாட்டி மீன் தின்னாது. அது முழுக்க முழுக்கத் தாவர உண்ணி. நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை தினமும் தின்னக்கூடியது. வளர்ந்த மனாட்டி ஒன்று 450 கிலோ இருக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே நடந்தது இதுதான். பார்க்கத்தான் கொழுகொழுவென்று இருக்குமே தவிர, திமிங்கிலத்துக்கு இருப்பது போலக் குளிரைத் தடுக்கும் கொழுப்புப் போர்வை மனாட்டிக்குக் கிடையாது. உடம்பு உண்டாக்கும் சூடும் குறைவு. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. அதனால் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஊற்றுகளைத் தேடிப் போகும். மின் நிலையங்கள் வந்த பிறகு, அவை வெளியே விடுகிற வெந்நீருக்கும் பழகிவிட்டது. குட்டி தாயின் கூடவே நீந்தி வழி கற்றுக்கொள்வதால், எந்த மின் நிலையத்துக்குப் போவது என்பதும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. சரி, சூடு கிடைத்துவிட்டது, சாப்பாடு? பக்கத்திலிருக்கும் இந்தியன் ரிவர் லகூனில் கடற்புல் இருந்தது. 250 கிலோமீட்டர் நீளமான கழி அது. கரையெங்கும் வீடுகள் பெருக, புல்வெளிக்குப் போட்ட உரமும் கழிவுநீர்த் தொட்டிக் கசிவும் தண்ணீரில் கலந்துகொண்டே இருந்தன. 2011இல் பெரிய அளவில் பாசி பெருகித் தண்ணீர் கலங்கிப்போனது. அடியில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் புல் இல்லை. பத்தாண்டுகளில் அந்தக் கழியின் புல்லில் பாதிக்கு மேல் போய்விட்டது. வெந்நீரை விட்டு வெளியே போனால் குளிரில் சாவு, உள்ளேயே கிடந்தால் பசி. பல மனாட்டிகள் உள்ளேயே கிடந்தன.

இதில் என்னை உறுத்துவது ஆண்டுக் கணக்கு. 2017இல்தான் அமெரிக்க அரசு மனாட்டியை ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கியது. படகு அடித்துச் சாவதைக் குறைக்க வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், பலன் கிடைத்தது, தலைகளை எண்ணிப் பார்த்தார்கள், கூடியிருந்தது. அதே காலத்தில் புல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நாலு வருஷத்தில் கீரை கொட்ட வேண்டியதாயிற்று. மனாட்டிக்குத் தீனி போடுவது அந்த ஊரில் சட்டப்படி குற்றம் என்பது கூடுதல் வேடிக்கை, அரசாங்கமே போட்டது.

ப்ளோரிடா எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. ஆனால் நான் பேராவூரணிப் பக்கத்து ஆள். எங்கள் கிழக்கே இருக்கிற பாக் நீரிணையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிராணி இருக்கிறது. புத்தகத்தில் கடற்பசு. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களிடம் ஆவுளியா. நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பவை நான்கே வகை. மனாட்டியில் மூன்று: அமெரிக்கக் கரையோரத்திலும் கரீபியன் கடலிலும் இருப்பது ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்று, அமேசான் ஆற்றில் ஒன்று. நான்காவது நம் ஆவுளியா. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா தாண்டிப் பசிபிக் தீவுகள் வரை அங்கங்கே துண்டு துண்டாக இருக்கிறது. மனாட்டிக்கு வால் துடுப்பு மாதிரி வட்டமாக இருக்கும். ஆவுளியாவுக்கு ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு, இருப்பது போல நடுவில் பிளந்த வால். மனாட்டி ஆற்றுக்குள்ளும் போகும். ஆவுளியா கடலை விட்டு வராது.

டால்பினுக்கோ சீலுக்கோ இவை சொந்தமில்லை. நிலத்தில் இவற்றுக்கு நெருங்கிய உறவு யானை. மடி முன்னங்கால்களின் அக்குளில் இருப்பது யானை வழி. ஆண் ஆவுளியாவுக்கு வயது வந்ததும் குட்டையாக இரண்டு தந்தம் வெளியே தெரியும். அந்தத் தந்தத்தை அறுத்து வளையங்களை எண்ணித்தான் வயது கண்டுபிடிக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியதும் உண்டு. மனாட்டியின் கடைவாய்ப் பற்கள் இன்னும் விசேஷம். பின்னாலிருந்து புதிய பல் முளைத்து முன்னே நகர்ந்துகொண்டே வரும், முன்னால் தேய்ந்தது விழுந்துவிடும். யானைக்கும் பல் இப்படித்தான் நகரும், ஆனால் ஆறு தடவையோடு சரி. மனாட்டிக்கு ஆயுள் முழுக்க முளைக்கும். மணலும் புல்லுமாகச் சேர்த்து மெல்லும் வாய்க்கு அது தேவைதான்.

இந்தக் குடும்பத்தில் முதலில் வந்தவை நாலு காலில் நடந்தவை. ஜமைக்காவில் கிடைத்த சுமார் ஐந்து கோடி ஆண்டுப் பழைய எலும்புக்கூடு ஒன்றில், உடம்பைத் தாங்கி நடக்கிற கால்கள் முழுசாக இருந்தன; கூடவே தண்ணீரில் வாழ்வதற்கான அடையாளங்களும் இருந்தன. குஜராத்தின் கட்ச் பகுதியில் பல கடற்பசு வகைகளின் புதைபடிவங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இந்தியாவின் கரையோரத்தில் ஒரு காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் சேர்ந்தே மேய்ந்திருக்கின்றன. இப்போது ஒன்றே ஒன்று.

ஆவுளியா மேய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. அதன் எலும்புகள் கனமானவை, உள்ளே கெட்டியானவை. அந்தக் கனத்தால்தான் மிதந்து மேலே வராமல் தரையோடு தரையாக நிற்க முடிகிறது. மூக்குத் தட்டு கீழ்நோக்கி மடிந்திருக்கும், அதில் தடித்த மீசை முடிகள். அந்த முடியால் துழாவி, புல்லை வேரும் கிழங்குமாகப் பிடுங்கித் தின்னும். அது போன வழியில் ஏர் ஓட்டிய சால் மாதிரி மணலில் ஒரு கோடு விழும். ஆராய்ச்சிக்காரர்கள் ஆவுளியாவைக் காண்பது அபூர்வம், இந்தக் கோட்டைத்தான் காண்கிறார்கள். ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ. எல்லாப் புல்லும் ஒத்துவராது. மெல்லிசான, நார் குறைந்த, சீக்கிரம் முளைக்கிற வகைகளைத்தான் விரும்பும். அது மேய்ந்த இடத்தில் திரும்ப முளைப்பதும் அதே இளம்புல்தான். ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில் பெரிய மந்தைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மேய்ந்து, தங்களுக்குப் பிடித்த புல்லே அங்கே நிற்கும்படி செய்துகொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாணத்தோடு விதையும் வேறு இடத்துக்குப் போய் முளைக்கிறது.

கடற்புல்லைப் பாசி என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது பாசியில்லை. வேர் உண்டு, பூ உண்டு, மகரந்தமே தண்ணீருக்குள் மிதந்துபோய்ச் சேரும். எங்கள் கடற்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயத்துக்கு மூஞ்சி சுளிப்பார்கள்: அலையே இல்லை, கரையெல்லாம் ஏதோ அழுகிக் கிடக்கிறது. அழுகிக் கிடப்பது அந்தப் புல்தான். அலை இல்லாததும், பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாத இடங்கள் நிறைய இருப்பதும், அடி மணல் வரை வெயில் இறங்குவதும் சேர்ந்துதான் அதை அங்கே வளர்க்கின்றன.

சேதுபாவாசத்திரத்துப் பக்கம் என் கூடப் படித்தவனின் அப்பா, நாட்டுப்படகு வைத்திருந்தவர். ஆவுளியாவைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். “அது மாடுதானே தம்பி. அந்தக் காலத்துல ஒண்ணு கெடச்சா தெருவே சாப்புடும். யாரு தப்புன்னு சொன்னா?” அறுக்கும்போது கண்ணில் நீர் வடியும் என்றும் சொன்னார். “பெருசுங்க அழுவுதும்பாங்க. எங்களுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும்.” கடலை விட்டு வெளியே எடுத்தால் கண்ணைக் காக்கிற பிசுபிசுப்பான நீர் வடியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மாதிரி இருந்ததும் உண்மை, சாப்பிட்டதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வேண்டுமென்று பிடிப்பது இப்போது அநேகமாக இல்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன தண்டனையோ அதேதான். வலையில் தானாகச் சிக்குவதுதான் சிக்கல். “திருக்கைவலைதான் அதுக்கு எமன்” என்றார். பெரிய கண் வைத்த வலை, அடியில் இறக்கி ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். சிக்கினால் காயம் எதுவும் படாமலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். காலையில் வலையை இழுக்கும்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

ஒன்றிரண்டு சிக்கினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. பெண் ஆவுளியா முதல் குட்டி போடுவதற்கே ஆறு வயதாகலாம், பதினேழும் ஆகலாம். சினை ஒரு வருஷத்துக்கு மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம், தீனி சரியில்லை என்றால் இன்னும் தள்ளிப்போகும். எல்லாம் நன்றாக அமைந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது. இந்தியா முழுக்க, அந்தமானையும் கட்ச் வளைகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் சேர்த்தே, சுமார் 240தான் இருக்கும் என்பது அரசின் மதிப்பீடு. 5 சதவீதம் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு. வலையில் பன்னிரண்டு போனால் அந்த வருஷம் பூஜ்யம்.

இந்தக் கணக்கு எப்படி முடியும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு முழு உதாரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது, ஆவுளியாவுக்கு மனாட்டியைவிடக் கிட்டத்துச் சொந்தம். 1741 நவம்பரில் விட்டஸ் பெரிங் தலைமையில் போன ரஷ்யக் கப்பல் ‘செயின்ட் பீட்டர்’, ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சட்கா போய்ச் சேராமல் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கியது. கப்பலில் பாதிப்பேருக்கு மேல் ஸ்கர்வி, வைட்டமின் சி இல்லாமல் வரும் நோய். பெரிங் அங்கேயே டிசம்பரில் செத்துப்போனார். தீவுக்கு இன்று அவர் பெயர்தான். கூடவே போயிருந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் கியோர்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர், கரையை ஒட்டிக் கடல்பாசிக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த பிரம்மாண்டமான பிராணிகளைப் பார்த்தார். உயிரோடு அவற்றைப் பார்த்து எழுதிவைத்த ஒரே விஞ்ஞானி அவர்தான், அதற்கு ‘ஸ்டெல்லர் கடற்பசு’ என்றே பெயர். 1742 ஜூலையில் கரைக்கு இழுத்த ஒரு பெண்ணை அளந்தார். ஏழரை மீட்டர். பல்லே இல்லை, அதற்குப் பதில் வாயில் அரைக்கும் தட்டுகள். தோல் மரப்பட்டை மாதிரி என்று எழுதினார். முழுசாக முங்கவே அதற்கு வராது, முதுகு எப்போதும் வெளியே தெரியும் என்றும் எழுதினார்.

கப்பல்காரர்கள் பிழைத்தது அதன் கறியால். படகிலிருந்து கொக்கி எறிந்து குத்துவார்கள், கரையில் முப்பது பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கறி மாட்டுக்கறிதான், கொழுப்பு வாதுமை எண்ணெய் மாதிரி, வெயிலில் வைத்தாலும் சிக்கெடுக்காது என்று ஸ்டெல்லர் ரசித்து எழுதியிருக்கிறார். அதே கையால் இன்னொன்றையும் எழுதினார்: கொக்கி மாட்டிய ஒன்றைக் காப்பாற்ற மற்றவை கயிற்றின் மேல் விழுந்தன, படகைக் கவிழ்க்கப் பார்த்தன, கரையில் செத்துக் கிடந்த பெண்ணைத் தேடி ஒரு ஆண் இரண்டு நாள் அடுத்தடுத்து வந்தது. நண்பனின் அப்பா சொன்ன அந்த ‘ஒரு மாதிரி’ ஸ்டெல்லருக்கும் இருந்திருக்க வேண்டும்.

உடைந்த கப்பலின் பலகையில் சின்னதாக ஒரு கப்பல் கட்டிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனார்கள், கையோடு கடல் நீர்நாய்த் தோல்களையும் கொண்டுபோனார்கள். தோலுக்கு நல்ல விலை. அடுத்த வருஷத்திலிருந்தே வேட்டைக்காரர்கள் அந்தத் தீவுகளுக்கு வந்து குளிர்காலம் கழிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுக்குக் கடற்பசு. ஒன்றைக் குத்திவிட்டு இழுக்க ஆளில்லாமல் விட்டால் அது கடலுக்குப் போய்ச் செத்துவிடும். கரை சேர்ந்ததைவிட வீணானது அதிகம். 1755இல் அங்கே போன சுரங்கப் பொறியாளர் ஒருவர், இதைத் தடுக்காவிட்டால் தீர்ந்துவிடும் என்று அதிகாரிகளுக்கு மனு கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1768க்குப் பிறகு அதைப் பார்த்ததாக நம்பத்தகுந்த பதிவு இல்லை. கண்டுபிடித்து 27 ஆண்டு. ஸ்டெல்லர் திரும்புகிற தரைவழிப் பயணத்திலேயே 1746இல் செத்துப்போனார், அவர் எழுதியது அச்சில் வந்ததே 1751இல்தான்.

அங்கேயும் தீனி விஷயம் ஒன்று இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடல் நீர்நாய்கள், பாசியை மேயும் முள்ளுருண்டைப் பிராணிகளான கடல்முள்ளிகளைத் தின்பவை. நீர்நாய்களை அழித்ததும் முள்ளிகள் பெருகிக் கடல்பாசிக் காட்டை மொட்டையடித்தன, கொக்கிக்குத் தப்பியவற்றுக்கும் சாப்பாடு குறைந்தது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது, ஆனால் கொக்கி மட்டுமே போதுமானதாகவும் இருந்திருக்கும்.

இப்போது நம்ம ஊர். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் பக்கம் பலர் பயந்தார்கள், இனி கடலுக்குள் விடமாட்டார்கள் என்று. இது தேசியப் பூங்கா வகை இல்லை; சட்டத்தில் ‘பாதுகாப்பகம்’ என்ற பிரிவு, சுற்றி வாழ்கிறவர்களைக் கலந்துபேசி அறிவிப்பது, மீன்பிடித் தொழிலை நிறுத்தச் சொல்லாது. அப்படி இருந்ததால்தான் இது கொஞ்சமாவது வேலை செய்யும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ராத்திரி கடலில் வலைக்குப் பக்கத்தில் இருக்கிறவர் வனத்துறை அதிகாரி இல்லை. டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனம் 2016 முதல் நடத்தும் திட்டத்தில், மீனவர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து அவர்கள் வழியாக வீடுகளுக்குள் போனார்கள். கெட்டிக்கார யோசனை. சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்களைக் கூப்பிட்டுப் பரிசும் கொடுக்கிறார்கள். அறுத்த வலையின் விலைக்கு அது ஈடாகுமா என்று நண்பனின் அப்பாவிடம் கேட்டேன். “வலைய யாரு கணக்குப் பாத்தா” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “பாக்கத்தான் செய்வாங்க” என்றார்.

புல்லுக்கு யார் பரிசு கொடுப்பது என்பது எனக்குக் கேள்வி. விசைப்படகின் இழுவைமடி வலை கடலின் அடியை வாரிக்கொண்டு போகிறது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983இலேயே சட்டம் இருக்கிறது. வருவதும் நாட்டுப்படகுக்காரர்கள் சண்டை போடுவதும் அன்றிலிருந்து நடக்கிறது. மடி போன இடத்தில் கிளம்பிய சேறு அடங்கும்வரை சுற்றியுள்ள புல்லுக்கும் வெளிச்சம் கிடையாது. அப்புறம் இறால் பண்ணைத் தண்ணீர். அப்புறம், இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே திட்டுவார்கள், டெல்டா வயலில் நாம் மூட்டை மூட்டையாகப் போடும் யூரியா. வயல் குடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக எங்கே போகிறது? ப்ளோரிடாவில் அந்தக் கழியைக் கெடுத்ததும் துப்பாக்கி வைத்த வேட்டைக்காரன் இல்லை, தோட்டத்துக்கு உரம் போட்ட வீட்டுக்காரர்கள்தான்.

நட்டு வளர்க்கவும் முடியும். பட்டுக்கோட்டைக் கடற்கரையில் ஓம்கார் பவுண்டேஷன் என்ற அமைப்பு, மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் புல் துண்டுகளைப் பொருத்தி அடியில் பதித்து வருகிறது. புல் வேர் பிடித்ததும் மூங்கிலும் கயிறும் மக்கிப்போகும். பிளாஸ்டிக் இல்லாத, உள்ளூர் சாமானில் செய்யும் வேலை. மெதுவான வேலையும்கூட, ஒரு மடி ஒரு இழுப்பில் எடுத்ததை நட வருஷக்கணக்கில் ஆகும்.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்து மனோராவில் கடற்பசுவுக்காகச் சர்வதேச அளவில் ஒரு மையம் வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். சுற்றுலாவும் பெருகும் என்கிறார்கள். வரட்டும். ஒரே ஒரு பயம், யாராவது ஒரு ஆவுளியாவைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் விடலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. 1960களில் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வளர்த்தார்கள், அன்றைக்கு அது ஆராய்ச்சி, நிறையத் தெரிந்துகொண்டோம். ப்ளோரிடாவில் ஸ்னூட்டி என்ற மனாட்டி 1948இல் பிறந்து 69 வயது வரை தொட்டியிலேயே வாழ்ந்து, 2017இல் பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்த கையோடு, திறந்துகொண்ட ஒரு பராமரிப்பு வழிக்குள் மாட்டி மூழ்கிச் செத்தது. தொட்டி வைத்தே தீருவோம் என்றால் புல்லை வைக்கட்டும். நல்ல வெளிச்சத்தில், மணலோடு, நாலு வகைப் புல். பக்கத்திலேயே கலங்கல் தண்ணீரில் அதே நாலு வகை. டிக்கெட் வாங்கிக்கொண்டு புல் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் போதும், அவர்களில் பாதிப்பேர் வீட்டில் வலை இருக்கும், மீதிப்பேர் வீட்டில் வயல் இருக்கும்.